பல்லிக் காலில் நின்ற பீங்கான்

ஹனாதி ரப்பர் சுட்டுக்கொண்டிருந்தாள். பஸ்பூஸா என்னும் ரவை கேக் சுடும் தட்டில், பஸ்பூஸா சுடும் ஓவனில், பஸ்பூஸாவுக்கு வைக்கும் அதே சூட்டில். அவளுடைய அம்மா நஃபீசா தலைத்துணியின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"வம்சத்துலயே மொதமொதலா காலேஜ் வாசல மிதிச்ச பொண்ணுன்னு தெருவுக்கே ஷர்பத் ஊத்தினேன். படிச்சு முடிச்சுட்டு வந்து என் ஓவன்ல டயர் பொரிக்கிறா."

"டயர் இல்லம்மா. சிலிகான்."

"அதத் தின்ன முடியுமா?"

"அப்பா தின்னாரே."

அது உண்மை. போன வாரம் மில்லில் ஷிப்டு முடிந்து வந்த மனிதர், டைமன் டைமனாக வெட்டி வைத்திருந்த தட்டைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து டீயோடு மென்றார். வெகுநேரம் மென்றார். கடைசியில் "சீனி கம்மி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எங்கள் மஹல்லா ஊரின் தறிச் சத்தத்திலேயே ஆயுளைக் கழித்தவர், வீட்டில் எதற்கும் குரல் உயர்த்த மாட்டார். அந்தத் துண்டு மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

அது என்ன துண்டு என்று ஹனாதி வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பல்லியின் காலில் பசை கிடையாது. உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணமும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத மயிர்கள்தான் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நுனியில் இன்னும் பொடிப்பொடியாகக் கிளை பிரிந்திருக்கும். அவ்வளவும் சேர்ந்து சுவரை நெருங்கித் தொட்டால், சுவரே பிடித்துக்கொள்கிறது. விட வேண்டுமென்றால் பல்லி விரலை நுனியிலிருந்து மேல்பக்கமாகச் சுருட்டும், பாயைச் சுருட்டுவதுபோல. அவ்வளவுதான் ரகசியம். அந்த மயிர்க்காட்டை ரப்பரில் நகலெடுக்கும், கண்ணாடிபோல மின்னும் அச்சுத் தகடு ஒன்று அவள் படித்த இடத்தின் ஆய்வகத்தில் மூலை உடைந்து குப்பைக்குப் போக இருந்தது. அங்கே வேலை கேட்டுப் போனபோது பேராசிரியர், "கட்டிக் குடுத்தா போயிடப் போற பொண்ணு, உனக்கு எதுக்கும்மா ஆய்வகம்" என்றார். சரி, அந்தத் தகட்டையாவது தாருங்கள் என்றாள். "எடுத்துக்கோ, முகம் பாக்க ஆகும்" என்றார். அப்பா ரப்பரை மென்றதைப்போல அவள் அந்த வாக்கியத்தை இன்னும் மென்றுகொண்டிருக்கிறாள்.

ஆனால் எங்கள் ஊரில் பல்லியைக் கண்டால் செருப்பு தானாகவே கைக்கு வந்துவிடும். உப்பில் வாய் வைத்துவிட்டால் குஷ்டம் என்பார்கள். ஒரே அடியில் கொன்றால் புண்ணியம் என்பார்கள். அதன் பெயரைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். பல்லிக்கு எங்கள் பேச்சில் போர்ஸ். பங்குச் சந்தைக்கும், விலை சொல்லும் எந்தச் சந்தைக்கும் போர்ஸா. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு 'ஆ'. அந்த 'ஆ'வின் மேல்தான் ஒரு கல்யாணமே ஏறி நின்றது.

தங்கை சப்ரீனைப் பெண் கேட்டு வந்த நாள் அது. மாப்பிள்ளையின் அம்மா ஹாஜியம்மா தவ்ஹீதா சோபாவில் உட்கார்ந்து, முட்டி வலிக்குக் கட்டியிருந்த பட்டையைச் சர்ரென்று பிரித்துவிட்டுக் கேட்டாள்.

"மூத்தவ என்ன பண்றா? சும்மாத்தான் இருக்காளா?"

சும்மா என்ற சொல் ஹனாதிக்கு ஆகாது. சமையலறையில் இருந்தே குரல் கொடுத்தாள். "போர்ஸ்ல வேலை பண்றேன்."

நஃபீசா முந்திக்கொண்டாள். "போர்ஸா. போர்ஸாவுல வேலை. உள்ள இருந்து பேசினா கடைசி எழுத்து காதுல விழாது, சம்பந்தி" என்று அந்த 'ஆ'வைத் தன் கையால் தூக்கி வைத்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா ஹாஜியார் பையூமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் மொத்தக் கோழி வியாபாரி. கோழி வியாபாரிக்கு உலகத்தில் ஒரே போர்ஸாதான், காலையில் கோழி விலை சொல்லும் போர்ஸா. விலையை யார் ஏற்றுகிறார்கள், யார் இறக்குகிறார்கள் என்று தெரியாமலே தலை நரைத்தவர். இப்போது அந்த மர்மம் பக்கத்து அறையில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருக்கிறது.

ஹனாதி தட்டோடு வந்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் தெருவில் காலேஜ் படித்தவர் எல்லோரும் டாக்டர்தான். "டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இந்த சீசன்ல அது ஏறுமா?"

அம்மா ஒட்டிய 'ஆ' ஹனாதியின் காதில் விழவில்லை. பிறந்ததிலிருந்து அவளுடைய வேலையைப் பற்றி ஒரு மனிதர் கேட்பது இதுதான் முதல் தடவை. அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

"ஏறும் ஹாஜியாரே. ஏறாம என்ன."

"வெயில் காலத்துல?"

"வெயில்லதான் இன்னும் சுறுசுறுப்பா ஏறும்."

"திடீர்னு விழுந்துட்டா?"

"விழவே விழாது. தலைகீழாத் தொங்கினாலும் விழாது. அதுவா மனசு வச்சு விட்டாத்தான் உண்டு. விடணும்னா அதுக்கு ஒரு வழி இருக்கு."

"அந்த வழி யாருக்குத் தெரியும்?"

"அதுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும்."

ஹாஜியாரின் உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்குப் போன கையோடு பண்ணையில் கோழிக் குஞ்சுகளை இரட்டிப்பாக்கினார். ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. ரமலான் நெருங்கினால் கோழி விலை ஏறும் என்பது தெருப் பூனைக்கும் தெரியும். ஆனாலும் ஏறியபோது அவர் வானத்தைப் பார்க்கவில்லை, ஹனாதி வீட்டுத் திசையைப் பார்த்தார். அன்றிலிருந்து வாரம் ஒரு கோழி "டாக்டரம்மாவுக்கு" என்று வந்துகொண்டிருந்தது.

விஷயம் தெரிந்ததும் ஹனாதி குதித்தாள். "பச்சைப் பொய்."

"ஒரே ஒரு எழுத்துதான்டி."

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன்."

"தங்கச்சி கல்யாணம் முடியட்டும். அப்புறம் பள்ளிவாசல் மைக்குல வேணாலும் சொல்லு."

இந்தச் சண்டை ஓயும் முன்பே நீஷ் வந்துவிட்டது.

நீஷ் என்றால் கல்யாணப் பெண் கொண்டுபோகும் கண்ணாடி அலமாரி. உள்ளே பீங்கான் இருக்கும். அந்தப் பீங்கானில் யாரும் குடிக்கக் கூடாது. குடித்தால் அது வெறும் கோப்பை ஆகிவிடும். குடிக்காதவரை அது மானம். சப்ரீன் ஆரம்பப் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து நஃபீசா ஒவ்வொரு கோப்பையாகச் சேர்த்து, கட்டிலுக்கடியில் பழைய துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில் ரோஜா. ஹனாதியின் கருத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல நுண்ணோக்கி வாங்கியிருக்கலாம். சொன்னாள். நஃபீசா இன்னொரு கோப்பை வாங்கி வந்தாள்.

பெண்ணின் சாமான்களை லாரியில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோவதற்கு இரண்டு நாள் முன்பு ஹாஜியம்மாவிடமிருந்து போன் வந்தது.

"சம்பந்தி, என் நாத்தனார் மருமகளுக்கு நீஷ் காலியா வந்துச்சு. பீங்கான் எல்லாம் அட்டைப்பெட்டியில. பெட்டிக்குள்ள இருந்தது செங்கல்லுன்னு இன்னிக்கு வரைக்கும் தெருவுல பேசுறாங்க. நம்ம நீஷ் நிறைஞ்சு வரணும். கண்ணாடி வழியா தெரு பூரா பாக்கணும்."

நஃபீசா போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். மில் தெருவிலிருந்து ஹாஜியார் தெரு வரைக்கும் பள்ளத்துக்கு நடுவில்தான் அங்கங்கே ரோடு. வேகத்தடைகள் அவரவர் வீட்டு வாசலில் அவரவரே கட்டிக்கொண்டவை. "நொறுங்கிடும். என் பன்னெண்டு வருஷ ரோஜா நொறுங்கிடும்" என்றாள்.

"நான் ஒட்டித் தரேன்" என்றாள் ஹனாதி.

"அந்த டயரா?"

"கோப்பை அடிக்கு ஒரு வளையம், தட்டுக்கு ஒண்ணு, கண்ணாடிப் பலகைக்கு அடியிலயும் போட்டுடறேன். பசை கிடையாது, கறை கிடையாது. லாரியத் தலைகீழாக் கவுத்தாலும் நிக்கும்."

நஃபீசா மகளை உற்றுப் பார்த்தாள். "நின்னா ஓவன் உன்னுது. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா ஒரு கோப்பை, ஒரே ஒரு கோப்பை விழுந்துச்சு, நாளைக்கே உன் மாமா மருந்துக் கடையில கல்லாவுல உக்காருற. தகட்டை நான் குப்பையில போடுவேன்."

"சரி" என்றாள் ஹனாதி. சொன்ன பிறகுதான் யோசித்தாள். கல்லா, மாமா, மாமாவின் மூக்குப்பொடி, பின்னால் சுவர் முழுக்க இருமல் மருந்து. எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

இரண்டு பகலும் ஓவன் அணையவில்லை. வீட்டில் யாருக்கும் சோறு இல்லை, கடையிலிருந்து ஃபூல் என்னும் மொச்சைக் கூட்டுதான். அப்பா தட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் சப்ரீன் "அப்பா, இது ரப்பர்" என்று அறிவித்தாள். "தெரியும் தெரியும்" என்றபடியே அவர் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஏழெட்டு டுக்டுக், நடுவில் டிரைவர் உஸ்தா ஷலபியின் லாரி, பின்னால் பெண்கள் அடைந்த மைக்ரோபஸ். ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு பாடின. லாரியில் கட்டில், பிரிட்ஜ், சுருட்டிய மெத்தைகள், எல்லாவற்றுக்கும் மேலே மகாராணி மாதிரி நீஷ். பிரிட்ஜுக்கும் நீஷுக்கும் நடுவில் ஹனாதி இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"டாக்டரம்மா, அங்க ஏன் ஒடுங்குறீங்க, முன் சீட்டுக்கு வாங்க" என்றார் ஷலபி.

"நீங்க ரோட்டப் பாருங்க உஸ்தா."

"ரோடு இருந்தாப் பாக்க மாட்டேனா."

முதல் பள்ளத்தில் பிரிட்ஜ் குதித்தது. பீங்கான் அசையவில்லை. ஒரு வேகத்தடையில் ஹனாதியே ஒரு முழம் எழும்பி விழுந்தாள். ரோஜாக்கள் சிலைபோல நின்றன. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பால்கனிகளில் பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஒருத்தி உரக்கக் கேட்டாள், "ஏன்டி, அது நெசக் கோப்பையா, படம் ஒட்டியிருக்கா?" ஹனாதிக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து ஏறிக்கொண்டே வந்தது. அடக்க முடியவில்லை.

கால்வாய்ப் பாலம் வந்தது. முன்னால் போன டுக்டுக்காரன் ஒருவன் குஷி தாங்காமல் வண்டியை ஒற்றைப் பக்கச் சக்கரத்தில் நிறுத்திச் சுற்றிக் காட்டினான். ஷலபி பிரேக்கில் ஏறி நின்றார். நீஷைக் கட்டியிருந்த கயிறு படாரென்று அறுந்தது. நீஷ் மெதுவாக, பெரிய மனுஷர் தொழுகையில் குனிவதுபோல, முன்பக்கமாகச் சாய்ந்து மெத்தைச் சுருளின் மேல் படிந்து நின்றது. கண்ணாடிக் கதவு இரண்டும் திறந்து தொங்கின.

ஒலிபெருக்கிகள்கூட நின்றுவிட்டன. மைக்ரோபஸ் ஜன்னலில் நஃபீசாவின் முகம் தெரிந்தது.

கோப்பைகள் அத்தனையும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பல்லிகள் மாதிரி. ஒன்றும் நகரவில்லை. தட்டுகள் நகரவில்லை. சர்க்கரைக் கிண்ணம் நகரவில்லை. அப்போது டீக்குடுவையின் மூடி, அதற்குக் கீழே வளையம் வைக்க ஹனாதி மறந்துபோன அந்த மூடி, டக்கென்று கழன்று மெத்தைமேல் விழுந்து, உருண்டு, அவள் மடியில் வந்து உட்கார்ந்தது. கீறல்கூட இல்லை.

"விழுந்துச்சு" என்று மைக்ரோபஸிலிருந்து நஃபீசாவின் குரல் வந்தது.

ஹனாதி மூடியை உயரத் தூக்கிக் காட்டினாள். "மூடிம்மா. கோப்பை இல்ல. பேச்சு கோப்பையப் பத்தி."

"மூடியும் செட்டுதான்டி."

"நீ சொன்னது கோப்பை. பஸ்ஸே சாட்சி."

பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் "ஆமா, கோப்பைதான் சொன்னா" என்று ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். பிறகு எழுந்த குலவையில் கால்வாயில் இருந்த வாத்துகள் கரையேறி ஓடின.

மாப்பிள்ளை வீட்டு மூன்றாம் மாடியில் நீஷை நிமிர்த்தி வைத்தார்கள். தெருவே படியேறி வந்திருந்தது. ஹாஜியம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அசல் பீங்கானா என்று நகத்தால் தட்டிப் பார்க்க ஒரு கோப்பையைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. இன்னொன்றைத் தூக்கினாள். அதுவும் வரவில்லை. இரண்டு கையாலும் பற்றி, முட்டியை ஊன்றி இழுத்தாள். நீஷே அவளோடு ஒரு அடி முன்னால் நடந்து வந்தது.

கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். "இதுல ஏதோ ஓதி வச்சிருக்கு. செய்வினை. சரக்கு வந்த வீடு விளங்காது. என் பையன் இந்த வீட்டுல குடியேற மாட்டான்."

சப்ரீனுக்குப் பயத்தில் விக்கல் பிடித்துக்கொண்டது. ஹிக், ஹிக் என்பதைத் தவிர வேறு சத்தமில்லை. எல்லோரும் ஹனாதியைப் பார்த்தார்கள். ஹனாதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள், சொல்லாதே என்று. சொல்லாவிட்டால் சூனியக்காரி, சொன்னால் பல்லிக்காரி. இரண்டில் எது அசிங்கம் என்று ஹனாதி யோசிக்கவில்லை. எது உண்மை என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"யாரும் ஓதல. இது போர்ஸ்."

"போர்ஸா" என்றாள் நஃபீசா அவசரமாக.

"'ஆ' இல்லம்மா. போர்ஸ். பல்லி. பல்லிக் காலு."

பல்லி என்ற சொல்தான் எல்லோருக்கும் கேட்டது, கால் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் இருபது செருப்பு கையேறியது. பெண்கள் சோபாமேல், சோபாவில் இடமில்லாதவர்கள் கட்டில்மேல். பிரிட்ஜைத் தோளில் சுமந்து மாடியேற்றிய உஸ்தா ஷலபி, இப்போது அந்தப் பிரிட்ஜின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். "எங்க, எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"எங்கயும் ஓடல" என்றாள் ஹனாதி. அவளுக்குக் கோபம் உச்சந்தலையில் இருந்தது, சிரிப்பு தொண்டையில் இருந்தது. "அதோட காலப் பாத்து நான் செஞ்ச ரப்பரு இது. பல்லின்னா செருப்பத் தூக்குறீங்க. ஹாஜியம்மா, உங்க முட்டியில சர்ருன்னு பிரிக்கிறீங்களே, அந்தப் பட்டை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? நாய் முடியில முள்ளுக்காய் ஒட்டிக்கிட்டதப் பாத்து ஒருத்தர் செஞ்சது. ஒரு பக்கம் முள்ளு, ஒரு பக்கம் நாய் முடி. அத நாள் பூரா கட்டிக்கிட்டிருக்கீங்க."

ஹாஜியம்மா தன் முட்டியை, யாரோ ஒருவருடைய முட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நாயா? அப்ப தொழுகைக்குச் செஞ்ச என் ஒளு முறிஞ்சு போச்சா?"

"நெச நாய் இல்ல. நாயப் பாத்துக் கத்துக்கிட்டது. இதுவும் அப்படித்தான்."

நீஷின் அருகே போய், கோப்பையின் அடி ஓரத்தில் ஒரு விரலை நுழைத்து, ரப்பரின் நுனியை மேல்பக்கமாகச் சுருட்டினாள். கோப்பை பூப்போலக் கையில் வந்தது. திரும்ப வைத்து லேசாக அழுத்தினாள். ஷலபி பிரிட்ஜிலிருந்து இறங்கி வந்து இழுத்துப் பார்த்தார், முகம் சிவக்க இழுத்தார். அது அசையவில்லை.

மூலையில் இருந்த ஹாஜியார் பையூமி தொண்டையைச் செருமினார். "அப்ப, டாக்டரம்மா, என் கோழி?"

"நீங்க கேட்டது கோழின்னு அப்ப எனக்குத் தெரியாது. பல்லியக் கேக்கிறீங்கன்னு நெனைச்சேன்."

"ஏறும், விழாதுன்னு சொன்னது?"

"பல்லி."

"தலைகீழாத் தொங்கினாலும்?"

"பல்லிதான் ஹாஜியாரே."

நஃபீசா வாய்க்குள் துவா ஓதத் தொடங்கினாள். பிறகு ஹாஜியாரின் வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. "போர்ஸாவ நம்பினவன் எல்லாம் ஒழிஞ்சான். நான் ஒரு பல்லிய நம்பிப் பொழைச்சிருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அறை முழுக்கத் தொற்றியது. சோபா ஆடியது, ஜன்னல் ஆடியது, விளக்கு ஆடியது. பீங்கான் மட்டும் ஆடவில்லை.

ஹாஜியம்மா சிரிக்கவில்லை. கணக்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தாள்.

"வழி தெரியாதவங்க எடுக்கவே முடியாதா?"

"முடியாது."

"என் நாத்தனார்?"

"முடியாது."

"அவ பேரப் பசங்க? ஈதுக்கு வந்தா கையக் கால வச்சிக்கிட்டு இருக்காதுங்க."

"முடியவே முடியாது."

ஹாஜியம்மா நீஷைத் தன் கையால் சுவரோடு தள்ளி வைத்தாள். "என் நீஷுக்கும் வேணும். என் அக்காவுக்கும் சொல்றேன். ஆனா அதோட பேர மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. என்ன ரப்பர்னு கேட்டா..." கொஞ்சம் யோசித்தாள். "போர்ஸா ரப்பர்னு சொல்லு."

சப்ரீனின் விக்கல் நின்றது.

இப்போது ஓவன் ஹனாதியுடையது. நஃபீசா சொன்ன சொல் மாறவில்லை. மக்ரோனித் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஓவனுக்குப் போய் வருகிறாள். போகும்போதும் வரும்போதும் படிக்கட்டுக்குக் கேட்கும்படி பெருமூச்சு விடுகிறாள். மேலும் கீழும் நாலு தெரு நீஷ்களின் கோப்பைகளுக்கு வளையம் வெட்டுவதில் ஹனாதிக்கு நிமிர நேரமில்லை. குடிக்காத கோப்பையைப் பத்திரப்படுத்தவா படித்தேன் என்று எரிச்சல் வரும்போது, டுக்டுக்காரர்களின் போனைக் கண்ணாடியில் நிறுத்தும் அட்டையை எடுத்து வைத்துக்கொள்கிறாள். தூசி பட்டால் தண்ணீரில் கழுவினால் போதும், திரும்பப் பிடிக்கும்.

ஒரு காலையில் ஓவனுக்கு மேலே சுவரில் ஒரு பல்லி வந்து நின்றது. நஃபீசா செருப்பைக் கழற்றி ஓங்கினாள். அதே நேரம் ஹாஜியாரிடமிருந்து போன்.

"டாக்டரம்மா, சும்மாதான் கேக்கிறேன். வெள்ளைக் கோழி இன்னிக்கு எப்படி?"

ஹனாதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதம்மா, பாத்துச் சொல்லணும்."

நஃபீசா செருப்பைத் தரையில் போட்டாள், உப்பு ஜாடியை மட்டும் இறுக்கி மூடினாள். இருவரும் தலையை நிமிர்த்திக் காத்திருந்தார்கள். பல்லி யோசித்தது. ஒரு காலை எடுத்தது, விரல்களைச் சுருட்டியது, தலைகீழாகத் திரும்பியது.

"இறங்குது ஹாஜியாரே" என்றாள் ஹனாதி. "இருக்கிறத வித்துருங்க."